ஹட்டன் சேவல்களுக்கு மார்க் போடப் போனேன்

ஒட்டன்சத்திரத்தில் டிராக்டர் உதிரி பாகம் விற்கிற ஒருவனை வெளிநாட்டுக்காரர்கள் 'நிபுணர்' என்று கூப்பிட்டால் அவன் என்ன செய்வான்? முதல் வேலையாகப் புது சபாரி தைக்கக் கொடுப்பான். நானும் அதைத்தான் செய்தேன்.

நான் நிபுணனானது டிராக்டரில் இல்லை, கோழியில். என் வீட்டு மொட்டை மாடியில் நாற்பது பேன்டம் கோழிகள் இருக்கின்றன. குட்டை ரகம். உரிக்காத தேங்காய் அளவுக்குத்தான் வளரும். தொடையில் தொடங்கி நடுவிரல் நுனி வரை இறகு மூடியிருப்பதால், இரண்டு பஞ்சுத் தலையணைகளைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பது போலிருக்கும். முட்டை பேருக்குத்தான் இடும். கறிக்கும் தேறாது. அழகுக்காக மட்டும் வளர்ப்பது. "உங்களை மாதிரியே ஒண்ணுக்கும் ஆகாது" என்பாள் என் மனைவி. அழகு என்ற இடத்தை மட்டும் கவனமாக விட்டுவிடுவாள்.

கோழி வளர்ப்போரின் வாட்ஸப் குழுவில் நான் போடுகிற குரல் செய்திகள் பிரபலம். கால் இறகு பற்றி ஒருமுறை பதினெட்டு நிமிஷம் பேசியிருக்கிறேன். அதைக் கடைசி வரை கேட்ட ஒரே ஆள் இலங்கையில், ஹட்டன் டவுனில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் நிஸாம். அவர்தான் மலைநாட்டு பேன்டம் கண்காட்சிக்கு என்னை நடுவராக அழைத்தார். "சேர், முட்ட கிட்ட கொண்டு வந்துடாதீங்க. ஏர்போர்ட்ல புடிச்சிருவாங்க. நீங்க மட்டும் வாங்க" என்றார். முட்டையை விட நான் ஆபத்தில்லாதவன் என்பது அவர் கணக்கு.

கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி வந்த காரணம் கேட்டார். சொன்னேன். அவர் முகத்தை அசைக்காமல் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "இவரிடம் நீயும் ஒருமுறை கேள்" என்று சிங்களத்தில் சொன்னாராம். எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி மொழிபெயர்த்துச் சொன்னார். இரண்டாவது முறையும் சொன்னேன். முத்திரை விழுந்தது.

வெள்ளிக்கிழமை மலையேறிய பஸ், கினிகத்தேனை என்ற ஊரைத் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் மண் சரிந்திருந்தது. எங்கள் ஊராக இருந்தால் ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் சண்டை மூண்டிருக்கும், நாலு பேர் வீடியோ எடுத்திருப்பார்கள். இங்கே எல்லோரும் வரிசையாக இறங்கி, தகரக் கொட்டகைக் கடையில் பிளேன்டீ வாங்கிக் குடித்துவிட்டு, பராட்டாவைக் கட்டசம்பலில் தொட்டுச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். அந்தச் சம்பல் வெறும் மிளகாயும் வெங்காயமும் உப்பும்தான். ஆனால் காது வழியாகப் புகை வந்தது. டீ மட்டும் சப்பென்று இருந்தது. கடைக்காரரிடம் கேட்டே விட்டேன்.

"நல்லதெல்லாம் கப்பல்ல போயிருதுங்க. கூட்டிப் பெருக்குனது நமக்கு" என்றார், புகார் தொனியே இல்லாமல்.

மூன்று மணி நேரம் கழித்து வழி கிடைத்தது. ஹட்டன் பஸ் நிலையத்தில் நிஸாம் நானா குடையோடு நின்றார். அந்தப் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் 'நானா' என்றே எல்லோரும் அழைக்கிறார்கள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அவர் வீட்டில் இடியப்பம், கோழிக்கறி, அதற்கு மேல் வட்டிலப்பம். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த அந்தப் பண்டத்தை முதல் நாள் இரண்டு துண்டு சாப்பிட்டேன். மறுநாளும் சாப்பிட்டேன். போட்டிக்கு முன்பு நடுவர் போட்டியாளர் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று ஏதாவது விதி இருக்க வேண்டும். இருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

நானாவின் வெள்ளைச் சேவல் கடைக்குப் பின்னால், சிமெண்ட் மூட்டைகளுக்கு மேலே தனி அறையில் இருந்தது. வெள்ளைக் கோழிக்கு வெயிலும் மஞ்சள் சோளமும் எதிரி. இறகில் பித்தளைச் சாயல் ஏறிவிடும். "வெயிலுக்கு ஹட்டன்ல பயமே இல்ல சேர். எங்களுக்கே அது கெடைக்கிறதில்ல" என்றார். சேவல் சுத்த வெள்ளை. கால் இறகு கொஞ்சம் சொத்தை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வட்டிலப்பம் வந்துவிட்டது.

சனிக்கிழமை, கண்காட்சியின் தலைவரைப் பார்க்கப் போனோம். திம்புள்ளப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேனேஜர் அவர். பெரிய துரை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் போய் இத்தனை காலம் ஆகியும் துரை என்ற பதவி மட்டும் ஊருக்குப் போகவில்லை. பங்களா வாசலில் நின்று வரவேற்றார்.

"வா. உட்காரு. டீ குடி. கோழி பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா காதில் கிசுகிசுத்தார்: "கோவிச்சுக்காதீங்க சேர். தொர தமிழ் படிச்சது பெரட்டுல." பெரட்டு என்பது காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். அங்கே கற்ற தமிழில் ஏவல் வினையைத் தவிர வேறொன்றும் இல்லை. மனிதர் மனசில் மரியாதை இருந்தது. வாயில் அதற்குச் சொல்தான் இல்லை.

துரையின் கோழிகள் தனிக் கொட்டகையில் இருந்தன. தரையில் மரச்சீவல், கூரையில் குளிருக்கு மஞ்சள் பல்பு, சுவரில் பச்சை பெயின்ட். கால் இறகில் சேறு படாமலிருக்க வாசலில் தேங்காய் நார் மிதியடி. அந்த வாசலில் நின்று பார்த்தால் எதிர்ச் சரிவில் தொழிலாளர்களின் லயம் தெரிந்தது. ஒரே நீளக் கூரைக்குக் கீழே பத்து வீடுகள். கூரைத் தகரம் பறக்காமலிருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருந்தார்கள். அங்கே மிதியடி எதுவும் என் கண்ணில் படவில்லை.

துரையின் பெருமை ஒரு பொன்னிறச் சேவல். பொன்னிறத்தில் கஷ்டம் என்னவென்றால், கழுத்து முதல் வால் வரை ஒரே சாயலாக இருக்க வேண்டும். சிறகுக்குள் ஒரு வெள்ளை இறகு எட்டிப் பார்த்தால் போச்சு. அன்று சேவலை விரித்துக் காட்டாமல் தூரத்திலிருந்தே காட்டினார். "நாளைக்குப் பாரு" என்றார்.

திரும்பும் வழியில் எங்கள் ஆட்டோ சேற்றில் புதைந்தது. டிரைவர் முறுக்க முறுக்க ஆழமாகப் போனது. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்த ஐந்தாறு பெண்கள், யாரும் கேட்காமலே பின்னால் கை கொடுத்தார்கள். சபாரி போட்ட நான் ஓரமாக நின்று "ஐலசா" சொன்னேன்.

"கோழி பாக்க வந்த இந்தியா சேர் நீங்கதானா?" என்று தள்ளிக்கொண்டே கேட்டார் ஒருவர். நாற்பது வயதிருக்கும். பெயர் யோகராணி. இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு முழுக்கச் சேறு.

"ஆமாம்மா."

"எங்கிட்டயும் இருக்கு சேர். சேவலும் நீலம், பொட்டையும் நீலம். குஞ்சு மட்டும் ஏன் கலப்படமா வருது?"

நான் குழைந்துவிட்டேன். என் பதினெட்டு நிமிஷப் பேச்சில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. நீலத்தையும் நீலத்தையும் சேர்த்தால் எல்லாமே நீலமாகப் பிறக்காது என்று தொடங்கி, தாய்வழி தந்தைவழி என்று போனேன். நான் விளக்கினேன், அவர் தள்ளினார்.

"பாதி நீலம், கால்வாசி கறுப்பு, கால்வாசி வெள்ளையில திட்டு. அதானே சேர்?" என்றார் மூச்சு வாங்கியபடி. "அஞ்சு அடை வச்சு எழுதிப் பாத்துட்டேன். சரியா வருது. நாந்தான் தப்பா எழுதுறேனோன்னு நெனச்சேன்."

ஆட்டோ மேலேறிவிட்டது. நான் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

கொழும்பில் வேலை பார்த்த அவருடைய தம்பி, முதலாளி வேண்டாமென்று ஒதுக்கிய இரண்டு குஞ்சுகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதிலிருந்து பெருகியவை லயத்துக்குப் பின்னால் கூண்டில் இருக்கின்றன. இப்போது தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, அனுமதியில்லாத கூண்டை மாதக் கடைசிக்குள் பிரிக்கச் சொல்லி. "நாளைக்கு நானும் கொண்டாறேன் சேர். தொரகிட்ட நேர்ல கேக்க வேற எடம் கெடைக்காது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி, துரைமார் கிளப்பில். பில்லியர்ட்ஸ் மேசை மேல் பச்சைத் துணி விரித்துக் கூண்டுகளை அடுக்கியிருந்தார்கள். யோகராணி இரண்டு தேயிலைப் பெட்டிகளில் துளை போட்டு, ஒன்றில் கறுப்புச் சேவலும் இன்னொன்றில் நீலப் பெட்டையுமாக வந்தார். வாசல் காவலாளி பெட்டிகளை வாங்கி மரியாதையாக உள்ளே அனுப்பினார். அவரைச் சமையற்கட்டுப் பக்கமாகச் சுற்றி வரச் சொன்னார். கோழிகள் முன்வாசல் வழியாகவும் அவற்றை வளர்த்தவர் பின்வாசல் வழியாகவும் ஒரே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

திறப்பு விழா முடிந்து எல்லோரும் கோப்பையும் கையுமாக நின்றபோது யோகராணி நேராகத் துரையிடம் போய் கடிதத்தை நீட்டினார். துரை படித்தார். சுற்றிலும் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார், அவர்களின் மனைவிமார். துரைக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மொதல்ல என் கோழிய ஜெயி. அப்புறம் வா. கையெழுத்து வாங்கு."

எல்லோரும் சிரித்தார்கள். யோகராணி சிரிக்கவில்லை. "சரிங்க தொர" என்று சொல்லிவிட்டு, சமையற்கட்டு வாசலருகே போய் நின்றுகொண்டார்.

காலையில் பெட்டைகள். கூண்டில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. பதினான்காம் எண் நீலப் பெட்டையைக் கையில் எடுத்ததும் எனக்கு வேலை முடிந்துவிட்டது. ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் கறுப்பு மை கொண்டு வரைந்தது போலக் கரை. முதலிடம் எழுதிக் கொடுத்தேன். முடிவுகளை மாலையில்தான் வாசிப்பார்கள்.

மதியம் சேவல்கள். கடைசியில் மூன்று நின்றன: ஏழாம் எண் பொன்னிறம், ஒன்பதாம் எண் வெள்ளை, பன்னிரண்டாம் எண் கறுப்பு. கறுப்பில் வண்டு முதுகின் பச்சை மினுமினுப்பு. கால் இறகு விசிறியாக விரிந்து கிடந்தது. சந்தேகமே இல்லை. பன்னிரண்டு என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

அப்போது யோகராணி மேசைக்கு வந்துவிட்டார். போட்டியாளர் நடுவரோடு பேசக் கூடாது. செயலாளர் பாய்ந்து வந்து தடுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"சேர், எடது கால் நடுவிரல்ல ஒரு எறகு ஒட்டியிருக்கேன். வரும்போது பஸ்ல பெட்டி ஓட்டையில மாட்டி புடுங்கிக்கிச்சு. அதோட எறகுதான். பசை போட்டு ஒட்டுனேன். நீங்க கவனிக்கல போலருக்கு."

கவனிக்கவில்லைதான். இரண்டு முறை தடவிப் பார்த்தும் எனக்குத் தட்டுப்படவில்லை. கடல் தாண்டி வந்த நிபுணரின் விரல்கள்.

"ஏம்மா சொன்னீங்க?"

"நீங்க கண்டுபுடிச்சு சொன்னா தோட்டத்து ஆளு ஏமாத்திட்டாங்கன்னு பேசுவாங்க. நானே சொன்னா என்னத்த பேசுவாங்க?"

ஒட்டிய இறகுக்கு விதி தெளிவானது: வெளியே. எழுதினேன். மனசு கசந்தது. அந்தக் கசப்பில்தான் மற்ற இரண்டையும் மறுபடி பார்க்கத் தோன்றியது. வெள்ளையில் வில்லங்கம் இல்லை. பொன்னிறத்தின் சிறகை விரித்து, வெந்நீரில் நனைத்த கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். கைக்குட்டை பழுப்பானது. இறகு வெளுத்தது. முகர்ந்து பார்த்தேன். மூன்று நாட்களில் அந்த ஊரில் நான் முகர்ந்த முதல் நல்ல டீ அதுதான். திக்கான, முதல் தர டிக்காஷன்.

துரையைத் தனியாக அழைத்துக் கைக்குட்டையைக் காட்டினேன்.

அவர் ஜன்னல் பக்கம் கை நீட்டினார். "பாக்டரி பாரு. காத்து பாரு. எல்லாம் தேயிலைத் தூள். எல்லா எடமும் ஒட்டும். நீ யோசி."

"வெள்ளைச் சேவல் மேல ஒட்டலையே சார்."

துரை யோசித்தார். அவர் தமிழில் பதில் சொல்ல ஏவல் வினை எதுவும் அகப்படவில்லை.

இரண்டும் வெளியேற, சொத்தைக் காலோடு நானாவின் வெள்ளைச் சேவல் முதலிடத்துக்கு வந்தது. என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த மிக நேர்மையான முடிவு அதுவாகத்தான் இருக்கும். அறிவிப்பு வந்ததும் பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "ரெண்டு நாளா அங்கதான் சாப்பாடு. வட்டிலப்பமாம்." நானா கப்பைத் தூக்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார். நான் விலகிய விதத்தில் சந்தேகம் இன்னும் உறுதியாகியிருக்கும்.

துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். யோகராணியைப் பார்த்து, "ஒன் சேவல் தோத்தது. கூண்டைப் பிரி" என்றார்.

செயலாளர் இன்னும் முடிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த தாளை வாசித்தார். "பெட்டைப் பிரிவு. முதலாம் இடம், எண் பதினான்கு. யோகராணி. இரண்டாம் இடம்..." நிறுத்தித் தொண்டையைக் கனைத்தார். "தலைவர் அவர்கள்."

யோகராணி சமையற்கட்டு வாசலிலிருந்து நடுவுக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"தொர, என் கோழிய ஜெயின்னுதான் சொன்னீங்க. சேவலன்னு சொல்லல. பொட்டையும் கோழிதானேங்க?"

முதலில் கை தட்டியவர் துரையின் மனைவி. அவர் எதற்காகத் தட்டினார் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி எத்தனையோ வருஷத்துக் காரணங்கள் இருக்கலாம். அவர் தொடங்கியதும் மற்றப் பெண்கள் தட்டினார்கள், பிறகு வேறு வழியில்லாமல் ஆண்களும். பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் துரை கிளார்க்கைக் கூப்பிட்டார். "எழுது" என்றார். கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்தது.

மழை விட்ட சாயங்காலத்தில் யோகராணியின் வீட்டுக்குப் போனேன். அவரே அழைத்திருந்தார். கூண்டுகள் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தவை. தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், கோழிகளின் கால் நனையாதபடி அமைத்திருந்தார். வீட்டுக்குள் ஒரு மூலையில் ஒழுகுவதற்கு வாளி வைத்திருந்தது. கூண்டில் ஒழுகவில்லை. அடுப்பிலிருந்து தேங்காய் ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, அனுமதிக் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தார். எட்டுக் கோழிக்கு மேல் கூடாது. பெரட்டுக்கு முன்னால் சேவல் கூவக் கூடாது.

"எட்டு சரி" என்றார். "மத்தத எந்த பாசையில அதுங்ககிட்ட சொல்றது? தொரையவே வந்து சொல்லச் சொல்லணும். அவரு பேசுனா கேக்கும்."

வயிறு குலுங்கச் சிரித்தோம். பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார்: "சேர், நீங்க எப்பயாச்சும் ஒட்டியிருக்கீங்களா?"

ஒட்டியதில்லை என்று சொன்னால் அது உண்மை. ஆனாலும் சொல்லிவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் என் பொன்னிறச் சேவல் முதல் கப் வாங்கியது. போட்டிக்கு முந்தின தினம் அதன் கழுத்திலிருந்து பதினோரு கறுப்பு இறகுகளை நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இதுவரை யாரிடமும், மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

யோகராணி திட்டவில்லை. தொழில்காரர் மாதிரி யோசித்தார். "புடுங்குனா மறுபடி கறுப்பாதானே மொளைக்கும்? அப்ப என்ன செஞ்சீங்க?"

"முளைக்கறதுக்கு முன்னாடி வித்துட்டேன்."

"வாங்குனவங்க?"

வாங்கியவர் தாராபுரத்துக்காரர். இன்றும் என்னை 'குருவே' என்றுதான் அழைக்கிறார். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்தார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ் மலையிறங்கியது. இந்த முறை மண் சரியவில்லை, தப்பிக்க வழியும் இல்லை. கையில் போன் இருந்தது, சிக்னல் இருந்தது. தாராபுரத்துக்காரருக்கு நீளமாக எழுதினேன். கப், பதினோரு இறகு, அவசர விற்பனை எல்லாம். சேவலைத் திருப்பிக் கொடுத்தால் நல்ல ஜோடி ஒன்று தருகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முடித்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. 'எழுதுகிறார்' என்று வெகுநேரம் காட்டியது. பதில் வந்தது.

"குருவே, ரெண்டாம் மாசமே கறுப்பு மொளைச்சிருச்சு. நானும் புடுங்கிட்டு திருப்பூர்க்காரர் ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். அவரும் போன வருஷம் கப் வாங்கிட்டாரு."